நான்கு வட்டங்களும் இரு மொழிகளும்

பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது அன்பில் செப்பேடு. ஆயினும் எங்கள் கீழப்பழுவூரில் அவர்கள் காலக் கல்வெட்டுகள் தமிழிலேயே உள்ளன. மலையாளம் தமிழினின்றும் முற்றாகப் பிரிந்திராத காலம் அது, யாருக்கும் இடரில்லை. இடர் எழுந்தது இருபதாம் நூற்றாண்டில், தென்கோடியில்.

திருவிதாங்கூரின் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களிலும் தமிழரே பெரும்பான்மையினர். ஆட்சியோ மலையாளத்தில் நடந்தது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. (தேவிகுளம், பீர்மேடு கிட்டவில்லை என்ற மனக்குறை வேறு!)

மறுபக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. விளவங்கோட்டின் மலையாளிகள் அன்றே மாநிலப் பெரும்பான்மையிலிருந்து சிறுபான்மைக்கு மாறினர். அவ்வாண்டு இறுதியில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் நிறைவேறியது. தாய்மொழித் தொடக்கக் கல்விக்கு வழிசெய்யும் 350அ பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்ததும் 1956இல்தான். மலையாளப் பள்ளிகள் தொடர்ந்தன. ஆனால் பள்ளி வேறு, அலுவலகம் வேறு. ஜெர்மனியின் பவுட்சன் மாவட்டத்தில் சோர்பு மொழி ஊர்ப்பலகையிலும் நிற்கிறது, அலுவலகத்திலும் செல்லும். சாக்சனி மாநில அரசியலமைப்பு 1992 முதல் அம்மக்களின் மொழிக்குக் காப்பளிக்கிறது.

தம் மொழியில் மனுக்கொடுத்துத் தம் மொழியில் விடைபெறும் உரிமை. 1954இல் நாம் கேட்டதும் அதுவே.