எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலிக்காவிட்டாலும் ஆபத்து! செடிகளால் வரும் அரிப்பு, கொப்புளத்துக்கு என்ன செய்யணும்?

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி அருகே உள்ள மாரியூர் போன்ற கடற்கரை ஊர்களில் மணல்மேட்டில் எருக்கு, வேலியில் கள்ளி சர்வசாதாரணம். ஆடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள், விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும் பிள்ளைகள் என எல்லோர் கையும் இவற்றில் படும். தடிப்பு வந்தால் உடனே எதையாவது அரைத்துப் பூசுவதுதான் வழக்கம். ஆனால் எந்தச் செடி பட்டது என்பதைப் பொறுத்து முதலுதவியும் மாறும்.

பால் வடியும் செடிகள்

எருக்கு, கள்ளி, சதுப்புநிலக் காட்டில் வளரும் தில்லை மரம் ஆகியவற்றின் பால் தோலில் பட்டால் எரிச்சல், சிவப்பு, கொப்புளம் வரலாம். உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கண்ணில் பட்டால்தான் பெரிய சிக்கல். கள்ளிப்பால் பட்டால் கண் கடுமையாக எரியும். எருக்கம்பால் அப்படி இல்லை. பலருக்கு வலி அதிகம் தெரியாது, ஆனால் கருவிழி வீங்கி பார்வை மங்கிவிடும். 'வலிதான் இல்லையே' என்று விடக்கூடாது. சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால், எண்ணெய், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். சீக்கிரம் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும்.

சுணை உள்ள செடிகள்

செந்தட்டி இலை, பூனைக்காலி காய் ஆகியவற்றின் சுணை தோலில் குத்தி நின்றுகொண்டு அரிப்பைக் கிளப்பும். இங்கே தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே இறங்கும். தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் சுணை அதோடு வந்துவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். போட்டிருந்த துணியையும் மாற்றிவிட வேண்டும்.

ஒவ்வாமை தரும் செடிகள்

1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடு முழுக்கப் பரவிய பார்த்தீனியம் இந்த வகை. பட்டவுடன் எதுவும் தெரியாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓரிரு நாள் கழித்து முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் வரும். செடியை விட்டு விலகாதவரை மருந்து மட்டும் போதாது. களை பிடுங்கும்போது கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், கேலமைன் லோஷன் அரிப்பைக் குறைக்கும். அரிப்புக்கான மாத்திரை, ஸ்டீராய்டு களிம்பு ஆகியவற்றை மருத்துவர் சொன்னால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கொப்புளத்தை உடைக்கவோ, சுண்ணாம்பு தடவவோ கூடாது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மூச்சுத்திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணில் பால் பட்டாலும், கொப்புளம் உடம்பில் பரவினாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் தாமதிக்கக் கூடாது. எந்தச் செடி பட்டது என்று தெரிந்தால் அதை போட்டோ எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.