மரத்தை நிறத்தால் மட்டும் மதிப்பிடலாகாது

வீடு கட்டும் குடும்பமொன்று கதவு, யன்னல், கட்டில், அலுமாரி ஆகியவற்றுக்காகச் செலவிடும் தொகை சிறியதன்று. ஆயினும் பெரும்பாலானோர் மரத்தை அதன் நிறத்தையும் மினுக்கத்தையும் பார்த்தே தெரிவு செய்கின்றனர். நிறத்தைச் சாயத்தினால் மாற்றிவிடலாம். இழையோட்டத்தையும் நுண்துளைகளையும் அவ்வாறு மாற்றிவிட முடியாது. அவற்றை அறிந்துகொள்வது தச்சருக்கு மாத்திரமன்றி, மரம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அவசியமென நாம் கருதுகின்றோம்.

வன்மரம் என்பது கடினமான மரத்தைக் குறிக்கும் சொல்லன்று. அகன்ற இலைகளையுடைய பூக்கும் மரங்களே அவ்வாறு அழைக்கப்படுகின்றன. மிக இலேசான பால்சாவும் தாவரவியலின்படி வன்மரமே. இம்மரங்களில் நீரை மேலே கொண்டு செல்லும் காழ்க்கலன்கள் உண்டு. மரத்தைக் குறுக்காக வெட்டும்போது அக்கலன்களே நுண்துளைகளாகத் தென்படுகின்றன. பைன் போன்ற மென்மரங்களில் அவை இல்லை.

துளைகளின் பருமனும் அமைவும் மரத்துக்கு மரம் வேறுபடும். தேக்கில் வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கத்தில் உருவாகும் பெரிய துளைகள் வளையமாக அமைவதால், வளர்ச்சி வளையங்கள் வெறுங்கண்ணுக்கே புலப்படுகின்றன. மகோகனியிலும் பலாவிலும் துளைகள் பரவலாகச் சிதறியிருக்கும். முதிரையில் அவை சிறியவை. நீரில் அமிழுமளவுக்கு அடர்த்தியான கருங்காலியிலோ அவற்றை வெறுங்கண்ணால் காண்பது கடினம். எனவேதான் தேக்கில் கண்ணாடி போன்ற மேற்பரப்பு வேண்டுமாயின், வார்னிஷ் பூசுமுன் துளைகளை நிரப்ப வேண்டியுள்ளது. கருங்காலிக்கு அது தேவையில்லை.

இழையோட்டம் என்பது நார்கள் செல்லும் திசையாகும். நேரான இழையோட்டமுள்ள பலகையைச் சீவுவது இலகு. முதிரையில் நார்கள் படைக்குப் படை எதிர்த்திசையில் சாய்ந்து பின்னியுள்ளமையால், பட்டுப் போன்ற ஒளிப்பட்டைகள் தோன்றுகின்றன. அதே காரணத்தால் சீவுளி மழுங்கியிருப்பின் நார் பிய்ந்துவிடும்.

மரத்தின் வலிமை நாரின் வழியே உள்ளது. கதிரைக்காலில் நார் குறுக்கே ஓடுமாயின் அது பாரத்தைத் தாங்காது முறியும். மரம் உலரும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கமோ, மையத்தை நோக்கிய சுருக்கத்தின் ஏறக்குறைய இரு மடங்காகும். நன்கு உலராத பலகை வளைவதற்கு இச்சமமின்மையே முக்கிய காரணமாகும்.

ஆகவே தளபாடம் வாங்குவோர் பலகையின் வெட்டுமுனையைப் பார்க்க வேண்டும். மேற்பரப்பின் கோடுகள் விளிம்பிலும் முனையிலும் தொடர்ந்து செல்லாவிடின், அது மெல்லிய மேலொட்டாகவோ அச்சிட்ட தாளாகவோ இருக்கக்கூடும். பலகையாக வாங்குவோர் முனையைக் கூரிய கத்தியால் சீவி, சற்று நனைத்து, 10 மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்கினால் துளைகளின் அமைவு தெளிவாகும். ஒத்த அமைவுடைய மரங்களும் உள்ளமையால் மணத்தையும் பாரத்தையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் அழகிய கருங்காலி இனம், அளவின்றி வெட்டப்பட்டமையால் அரிதாகிவிட்டது. முதிரைக்கும் கருங்காலிக்கும் அந்நிலை வரலாகாது. மரத்தை இனங்காணத் தெரியாத சந்தையில் வாங்குபவர் ஏமாறுவதுடன், அரிய மரமும் வேறு பெயரில் விலைபோகின்றது. பெயர் குறித்த மரத்துண்டுகளைப் பாடசாலைகளிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் காட்சிக்கு வைத்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. சம்பந்தப்பட்டோர் இதில் கவனம் செலுத்துவார்களென எதிர்பார்க்கின்றோம்.