கல் ஒன்று, காலம் பல: பெங்காலான் கெம்பாஸ் பெருங்கற்கள்

வழிபாட்டிடம் ஒன்று ஒரே காலத்தில், ஒரே நோக்கத்திற்காக எழுந்தது என்று எண்ணுவது எளிது. ஆனால், நெடுங்காலம் நிலைத்த இடங்கள் பெரும்பாலும் பலமுறை பொருள் மாறியவை. மலேசிய மண்ணில் இதற்குச் சிறந்த சான்று, நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றுக்கு அருகே உள்ள பெங்காலான் கெம்பாஸ் ஆகும்.

பெருங்கற்சின்னங்கள் இந்நாட்டிற்குப் புதியவை அல்ல. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கித் தெற்கே சென்றால் வரும் சுங்காய், சிலிம் வட்டாரங்களில் கற்பலகைகளால் அமைந்த பழங்கல்லறைகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் இரும்புக் கருவிகளும் மணிகளும் கிடைத்தன. நெகிரி செம்பிலானிலும் மலாக்காவின் அலோர் காஜாவிலும் செங்குத்தாக நட்ட கற்கள் பல உள்ளன. மக்கள் அவற்றை ‘பாத்து ஹீடுப்’, அதாவது உயிருள்ள கற்கள் என்பர். அவை வளர்கின்றன என்பது நம்பிக்கை.

பெங்காலான் கெம்பாசில் அத்தகைய மூன்று கற்கள் வாள், சுக்கான், கரண்டி என்று அவற்றின் வடிவத்தால் பெயர் பெற்றுள்ளன. வாள் எனப்படும் கல்லில் ‘அல்லாஹ்’ என்னும் சொல் அரபு எழுத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. அருகிலேயே ஷேக் அகமது மஜ்னூனின் கல்லறை உள்ளது. இசுலாம் பரவிய பின்னரும் கற்கள் அகற்றப்படவில்லை. அவ்விடம் ‘கெராமாட்’ என்னும் புனிதத்தலமாகப் போற்றப்பட்டது. அங்குள்ள கல்லொன்றின் துளையில் கைவிட்டுப் பொய் சொன்னால் துளை இறுகிக் கையைப் பற்றிக்கொள்ளும் என்றும் மக்கள் நம்பினர். இவ்வாறு தொழுமிடம் வழக்குத் தீர்க்குமிடமாகவும் ஆயிற்று. 1920-களின் தொடக்கத்தில் எவன்ஸ் என்னும் ஆய்வாளர் இவ்விடத்தைப் பற்றி எழுதினார். இன்று இது காக்கப்படும் வரலாற்றுத்தலம்.

தமிழ் மாணவர் இங்கு ஒரு கேள்வி எழுப்பக்கூடும்: நம் நடுகல்லுக்கும் இக்கற்களுக்கும் உறவு உண்டா? நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுத்துக் கூறுகிறது. எனினும், கல் நட்டு முன்னோரை நினைவுகூரும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. தோற்ற ஒற்றுமை ஒன்றையே கொண்டு உறவு நாட்டுதல் வரலாற்று நெறியாகாது.

உறுதியான உறவு கல்லின் வடிவில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. கல்லறைக் கல்வெட்டு இரு எழுத்துகளில் அமைந்தது. காவி எழுத்துப் பகுதி சக ஆண்டு 1385 எனவும் (கி.பி. 1463), ஜாவி எழுத்துப் பகுதி ஹிஜ்ரி 872 எனவும் (கி.பி. 1467) காலம் குறிக்கின்றன. காவி, பல்லவர் எழுத்தின் வழித்தோன்றல். சக ஆண்டும் இந்தியாவிலிருந்து வந்த கணக்கு. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவரின் எழுத்துமரபு, கடல் கடந்து, உருமாறி, ஓர் இசுலாமியப் பெரியாரின் கல்லறையில் நிற்கிறது.

இப்பாடம் நம் தோட்டங்களுக்கும் பொருந்தும். தோட்டத்துக் கோயில்கள் பல மரத்தடியில் நட்ட ஒரு கல்லாகத் தொடங்கிப் பின்னரே கோபுரம் கண்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் கைமாறியபோதும் கோயில்கள் சில இடம்பெயர்ந்தன. பெங்காலான் கெம்பாசில் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தனர். ஆகவே நாம் அறிகிறோம். நம் கோயிற்கற்களை நட்டவர் யார், அவற்றின் முதற்பெயர் என்ன என்பதை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது ஆசிரியரும் மாணவரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.