பட்டியலில் ஒரே ஒரு வரி

பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் "அண்ணா எங்க ஊர்க்காரர்" என்பார்கள். போன வாரம் சட்டப்பேரவை உறுப்பினர்களை மாவட்டவாரியாக எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரம் தொகுதியில் அண்ணாவின் பெயர் வருவது ஒரே ஒரு முறை, 1957 தேர்தலில்.

1962இல் தி.மு.க. 15 இடங்களிலிருந்து 50க்கு வளர்ந்தது. ஆனால் அண்ணா சொந்த ஊரில் காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். அதன்பிறகு மாநிலங்களவைக்குப் போனார். 1967இல் அவர் நின்றது தென் சென்னை மக்களவைத் தொகுதியில். முதல்வரானதும் அந்தப் பதவியை விட்டுவிட்டு, மேலவை உறுப்பினரானார். ஆக, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றிய முதல்வரைக் கீழவைப் பட்டியலில் மட்டும் தேடினால், அந்த 1967 வரிசையில் கிடைக்கவே மாட்டார். மேலவையே 1986இல் ஒழிக்கப்பட்டதால், அந்தப் பட்டியலை இன்று யாரும் புரட்டுவதும் இல்லை.

அடுத்து மாவட்டக் கட்டம். அண்ணா ஜெயித்த 1957இல் காஞ்சிபுரம் இருந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது 1997இல்தான். 2016 தேர்தலில் காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் 11 தொகுதிகள். 2019இல் செங்கல்பட்டு பிரிந்தது; 2021 தேர்தலில் அங்கே 7, இங்கே 4. தொகுதி எதுவும் தொலையவில்லை, கோடுதான் நகர்ந்தது.

அதனால் என் ஷீட்டில் 'அன்றைய மாவட்டம்', 'இன்றைய மாவட்டம்' என்று இரண்டு கட்டங்கள் போட்டுவிட்டேன். 'எந்த அவை' என்று மூன்றாவதும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் எங்க ஊர்க்காரரையே தவறவிட்டிருப்பேன்.