சீரான துடிப்பு நலமன்று

மும்பையின் சுனாபட்டி என்னும் பெயர் மராத்தியில் சுண்ணாம்புக் காளவாயைக் குறிக்கும். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் வெடிப்பை அடைக்கிறது. வெடிப்பு அடைபட்டால் பூச்சிக்கு அங்கே இடமில்லை. இத்துணை எளிய ஒன்றுக்கும் மனித இதயத்தின் நரம்புகளுக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்தியது பிரேசிலில் கண்டறியப்பட்ட ஒரு நோய். அதன் வரலாற்றை 1909ஆம் ஆண்டில் சென்னையும் பம்பாயும் மிக அருகில் தொட்டுச் சென்றன.

காலா அசார் நோயின் கிருமியை 1903இல் சென்னையில் கண்டவர் சார்லஸ் டோனவன். அக்கிருமியைப் பரப்புவது எது என்று தேடிய அவரது ஐயம், வீடுகளில் பதுங்கியிருந்து குருதி உறிஞ்சும் கோனோரைனஸ் என்னும் பூச்சியின்மீது விழுந்தது. 1909இல் கூடிய பம்பாய் மருத்துவ மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். ஐயம் பிழையானது, காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ என்பது 1942இல் உறுதியாயிற்று. ஆயினும் அப்பூச்சியின் குடலில் அவர் வேறொரு நுண்ணுயிரைக் கண்டிருந்தார். அது மனிதருக்கு நோய் தருவதன்று. டிரிப்பனோசோமா கோனோரைனி என்று இன்று அதற்குப் பெயர்.

அதே ஆண்டில் அதே பூச்சிக் குடும்பம் பிரேசிலின் லசான்சு என்னும் ஊரில் வேறொரு கதையை எழுதியது. இருப்புப்பாதைத் தொழிலாளரிடையே மலேரியாவை ஒழிக்கச் சென்றிருந்த கார்லோஸ் சாகாஸ், மண்சுவர் வெடிப்புகளில் வாழ்ந்த பூச்சிகளைக் கண்டார். உறங்குவோரின் முகத்தில் கடிப்பதால் ஊரார் அதை 'நாவிதன்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அதன் குடலில் முதலில் கிருமி அகப்பட்டது. பின்னர், 1909 ஏப்ரலில், இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் குருதியிலும் அது அகப்பட்டது. நோயாளியிலிருந்து கிருமிக்குச் செல்வதே மருத்துவத்தின் வழக்கம். சாகாஸ் சென்றது எதிர்த்திசையில்.

கிருமி புகுந்தபின் பல்லாண்டுகள் எவ்வித அறிகுறியும் இல்லாமல் கழியலாம். அதன்பின் சிலருக்கு இதயம் வீங்கித் தளர்கிறது. சிலர் திடீரென இறக்கின்றனர். இதன் ஒரு காரணத்தை நெருங்க உதவியது அட்ரோபின் என்னும் மருந்து. நலமுள்ள இதயத்தின் வேகத்தை வேகஸ் நரம்பு கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்கிறது. அட்ரோபின் கொடுத்தால் பிடி தளரும், துடிப்பு விரையும். சாகாஸ் நோயாளிகள் சிலருக்கோ துடிப்பு விரையவில்லை. இதனைச் சாகாஸும் வில்லேலாவும் 1922இல் பதிவு செய்தனர். தளர்த்துவதற்கு அங்கே கடிவாளமே எஞ்சவில்லை என்பதே அதன் பொருள்.

கண்ணால் காணும் சான்று 1950களில் கிடைத்தது. ரிபெய்ராவோ பிரேட்டோவில் பணியாற்றிய ஆஸ்திரிய நோய்க்குறியியலாளர் ஃபிரிட்ஸ் கோபர்லே, இறந்தோரின் இதயங்களில் நரம்புச் செல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அவை பெரிதும் குறைந்திருந்தன. உணவுக்குழலும் பெருங்குடலும் வீங்கியவர்களிடத்திலும் இத்தகைய இழப்பையே கண்டார். இதயத் தளர்ச்சி முழுவதற்கும் நரம்பிழப்பே காரணம் என்ற அவரது கருத்தைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை. இதயத்தசையின் நீடித்த அழற்சிக்கே இன்று முதலிடம். ஆனால் நரம்பிழப்பு என்னும் உண்மை நிலைத்தது.

அவ்விழப்பை உயிருள்ளவரிடத்தில் அளக்க உதவுவது இதயத்துடிப்பு மாறுபாடு. நலமுள்ள இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்புகளின் இடைவெளி சுருங்குகிறது, விடும்போது விரிகிறது. சாகாஸ் நோயாளிகள் பலரிடம் இந்த ஏற்றத்தாழ்வு மங்குகிறது. அதுவும் இதயத்தின் உந்துவிசை குறைவதற்கு முன்பே மங்குவதுண்டு. தாளம் தவறாத துடிப்பே நலத்தின் அடையாளம் என்னும் பொதுநம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

இந்நோயைக் கண்டவரே ஐயத்துக்கு ஆளானார். நோயின் பரப்பைச் சாகாஸ் மிகைப்படுத்துகிறார் என்று 1922இல் பிரேசிலின் தேசிய மருத்துவ அகாதெமியில் சர்ச்சை எழுந்தது. 1934இல் அவர் மறைந்தார். அர்ஜென்டினாவில் சால்வடோர் மாஸா நோயாளிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்த பின்னரே ஐயம் அகலத் தொடங்கியது. மண்சுவர்க் குடிசைகளில் வாழ்ந்தவர்களின் நோய் என்பதால் அது கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. பூச்சிகொல்லியும் பூசிய சுவர்களும் பரவிய பின், 2006இல், முதன்மைப் பூச்சியினத்தின் வழியாக நோய் பரவுவதைப் பிரேசில் தடுத்துவிட்டதாகச் சான்று பெற்றது.

இந்தியாவில் சாகாஸ் நோய் வேரூன்றவில்லை. ஆனால் அதே கடிவாளத்தை இங்கே நீரிழிவு அறுக்கிறது. அந்நரம்புகளை இழந்தவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். இசிஜி கருவியை இணைத்து, நிமிடத்துக்கு ஆறு முறை ஆழ மூச்சு விடச் செய்தால் இழப்பை அறியலாம் என்பதை மருத்துவர்கள் 1970களிலேயே காட்டினர். தாராவியிலோ செம்பூரிலோ உள்ள சிறு மருத்துவமனையும் செய்யக்கூடிய சோதனை அது. லசான்சில் நோய் மறைந்திருந்தது. தேடிச் சென்றவர் கண்டார். இங்கும் தேடினால்தான் தெரியும்.