லயத்துக்கு எத்தனை ஸ்பீக்கர்?

திரையரங்கு ஒலியை வீட்டுக்கே கொண்டுவருவதாகச் சொல்லி விற்கப்படும் செட்டில் ஐந்து சிறு பெட்டிகளும் ஒரு பாஸ் பெட்டியும் இருக்கும். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் அதை வாங்கும் தோட்டத்துக் குடும்பம் முதலில் விலையைக் கேட்கும், அடுத்துத் தவணையைக் கேட்கும். அந்தச் செட் எந்த மாதிரி வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஒலிக்கருவி வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால் விலையைவிட அந்தக் கேள்விதான் பெரிது என்று தெரியும். எந்தக் கருவி அங்கே பயன்பட்டது, எப்படிப் பயன்பட்டது என்பதைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் சுவரும் கூரையும் கரண்டும் தீர்மானித்தன. கையில் கொஞ்சக் காசு வைத்திருப்பவருக்கு ஐந்து மலிவான பெட்டிகளைவிட இரண்டு நல்ல பெட்டிகளே மேல் என்பது என் முடிவு. அதற்கான காரணம் ரேடியோ வருவதற்கு முன்பிருந்தே தொடங்குகிறது.

முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் சேர்த்த காலத்தில் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. வரிசை முழுவதற்கும் ஒரே கூரை, பெரும்பாலும் தகரம். பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. பக்கத்துக் காம்பராவின் இருமலும் குழந்தை அழுகையும் தடையில்லாமல் வரும். பெருமழையில் சொந்தக் காம்பராவுக்குள் பேசுவதே கேட்காது. இருட்டோடு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த தப்பு அத்தனை வாசலுக்கும் ஒன்றாகவே கேட்டது. சாவு வீட்டிலும் காமன் கூத்திலும் அடித்ததும் தப்புதான். ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய சத்தம் என்று ஒன்று அங்கே இருக்க வழியே இல்லை. ஆனால் விடியற்காலைத் தப்பு துரையின் உத்தரவு. அதைக் கேட்பவர் தேர்ந்தெடுத்ததல்ல. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஏனென்றால் லயத்தார் தம் காசில், தம் விருப்பத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் பெரிய சத்தம் ரேடியோதான்.

ரயில் பதுளைக்கு வந்தது 1924இல். அடுத்த ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. ஆனால் வால்வு ரேடியோ கரண்டு இருந்த பங்களாவுக்கே பொருந்தும். கரண்டு இல்லாத லயத்துக்கு அது நெடுங்காலம் எட்டாத பொருள். டார்ச் பேட்டரியில் பாடும் டிரான்சிஸ்டர் வந்த பிறகே நிலைமை மாறியது. அதற்குள் 1949இல் கொழும்பு நிலையம் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றிருந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவையும் தொடங்கிவிட்டது. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியும் கடல் தாண்டிக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என அறிவிப்பாளர்களின் குரல்களைக் கேட்க ரேடியோ உள்ள வீட்டின் இஸ்தோப்பே கூடும் இடமானது. நாலங்குலம்கூட இல்லாத ஒரே ஒரு ஸ்பீக்கர். பாஸ் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் மனிதக் குரலின் சொற்களைப் புரியவைக்கும் நடு அலைவரிசையை அது நன்றாகத் தந்தது; திறந்த வெளியில் எதிரொலி இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. இந்தத் தெளிவைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இன்று ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் சண்டைக்காட்சியில் சத்தத்தைக் குறைப்பதும் வசனம் வந்ததும் கூட்டுவதுமாக ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பதற்குக் காரணம் இந்த நடு அலைவரிசையின் வறுமைதான்.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1977 தேர்தலுக்குப் பிறகு சந்தை திறந்ததும் ஜப்பானிய ரேடியோ கெசட்டுகள் வந்தன. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களின் உழைப்பிலும் அவை லயத்துக்கு வந்து சேர்ந்தன. இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியில் லயத்துக்கு ஸ்டீரியோ அறிமுகமானது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கியபோதும் பெரும்பாலான லயங்களுக்குக் கரண்டு வந்திருக்கவில்லை. கார் பேட்டரியை டவுனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றிவந்து டிவி பார்த்தார்கள். வாங்கும் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்ற கணக்கு அன்று வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கரண்டு வந்ததும் அந்தக் கணக்கு கைவிடப்பட்டது; அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பிஎம்பிஓ வாட்ஸ் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு கண நேர உச்சத்தை ஊதிப் பெருக்கிச் சொல்லும் எண் அது. ஆம்பிளிஃபையர் தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் சக்தி அதில் ஒரு சிறு பங்குதான். வாட்ஸ் இரட்டித்தாலும் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப்பட ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும்.

சரவுண்ட் ஒலி திரையரங்குக்காகப் பிறந்தது. தமிழில் டால்பி ஒலியைப் பேசுபொருளாக்கிய படம் 1995இல் வந்த குருதிப்புனல். ஆனால் தோட்டங்களில் அந்தக் காலப் படங்களைக் கொண்டுபோன விசிடியில் இருந்தது இரண்டே ஒலித்தடங்கள். இன்று கைப்பேசியிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பும் பாட்டும் அப்படித்தான். இரண்டு தடங்களை ஐந்து பெட்டிக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே அந்தச் செட்டின் அன்றாட வேலை. 1992இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஐந்து ஸ்பீக்கர் அமைப்பில் கேட்பவர் ஒரு புள்ளியில் அமர வேண்டும். முன்பக்கப் பெட்டிகள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், பின்பக்கப் பெட்டிகள் 100 முதல் 120 பாகைக்குள்ளும், எல்லாம் சம தூரத்தில் நிற்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா காலியாக இருந்தால் ஒருவருக்கு இது கூடிவரும். கட்டிலும் அலமாரியும் வைத்து, பின்சுவரில் சாய்ந்து ஐந்தாறு பேர் உட்கார்ந்தால் பின்பெட்டி யாரோ ஒருவரின் காதுக்கு ஒரு முழத்தில் அலறும். பாஸ் பெட்டியின் கதை இன்னும் மோசம். பன்னிரண்டடி நீளம் 47 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் பத்தடி அகலம் 56 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் ஒலியைத் தேக்கி வீங்கவைக்கும். அந்தச் சுரங்கள் மட்டும் அதிர, மற்றவை மங்கும். அந்த அதிர்வு கூரை வழியாக வரிசை முழுவதும் போகும்.

'லயத்து ஆளுக்கு இரண்டு போதும் என்று சொல்ல நீ யார், மற்றவன் வீட்டில் இருப்பது எங்கள் வீட்டில் இருக்கக் கூடாதா?' என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கோபம். தலைமுறை தலைமுறையாக 'உங்களுக்கு இது போதும்' என்று கேட்டுச் சலித்த மக்கள் அவர்கள். நான் பேசுவது தகுதியைப் பற்றி அல்ல, காசைப் பற்றி. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்ததே 2021இல், அதுவும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. தீபாவளி முற்பணத்தில் வாங்கிய செட்டுக்கு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டு விழும். அந்தத் தொகையை ஆறு கூட்டுக்கும் ஆறு ஸ்பீக்கருக்கும் பிரித்தால் ஒவ்வொன்றும் மெல்லிய பிளாஸ்டிக்காகத்தான் அமையும். இரண்டுக்குச் செலவிட்டால் கனமான மரப்பெட்டியும் ஆறரை அங்குல ஸ்பீக்கரும் கிடைக்க வாய்ப்புண்டு.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வரிசையே சேர்ந்து கேட்ட காலத்தைப் புகழ்வது, தனிமை மறுக்கப்பட்ட வாழ்வைப் புகழ்வதாகாதா? ஆகும், அந்தப் பங்கீட்டை மக்கள் விரும்பி ஏற்றதாக எழுதினால். அவர்கள் கேட்டது தனி வீடும் காணியும். பக்கத்துக் காம்பராவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு, ரசனையுள்ள அண்டை வீட்டுக்காரரின் பாஸ் பெட்டியும் தொல்லைதான். லயத்தில் பாஸ் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அறையின் கணக்கைவிட இதுவே பெரிய காரணம்.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபின் தனி வீட்டுக் கோரிக்கை வலுத்தது. பதுளை மாவட்டத்திலும் 550 சதுர அடி வீடுகள் எழுந்தன. சுவர் தனியாகிவிட்டது, கூரையும் தனி. சத்தம் முன்போல் பக்கத்து வீட்டுக்குள் நேரே போகாது. இருந்தாலும் அந்தப் பரப்புக்குள் அறைகளும் குசினியும் போக எஞ்சும் கூடம் பழைய காம்பராவைவிட அதிகம் பெரிதல்ல. அங்கேயும் முதலில் இரண்டு பெட்டிகளை வாங்கி, உட்கார்ந்தவரின் காது உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கூடத்தின் குறுகிய சுவர்ப் பக்கமாக வைக்கலாம். பின்னால் பெட்டி சேர்க்க இடமுள்ள ஆம்பிளிஃபையராகப் பார்த்து எடுத்தால், வசனத்துக்கான நடுப்பெட்டியை அடுத்த தீபாவளிக்குச் சேர்க்கலாம். பின்பெட்டிகள் அதற்கும் பிறகு. கடையில் கேட்டுப் பார்க்கும்போது குண்டு வெடிக்கும் காட்சியைப் போடச் சொல்ல வேண்டாம். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பழைய பாட்டைக் குறைந்த சத்தத்தில் போடச் சொல்லி, அதில் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.