முத்தும் அச்சும்

தமிழ் எழுத்து அச்சேறிய வரலாறு புலவர் அவையில் தொடங்கவில்லை. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தொடங்கியது. முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலில் நலிந்த பரதவர், 1530களில் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினர், திருமுழுக்கும் பெற்றனர். பேரரசுக்கு முத்து வருவாய் கிட்டியது. திருச்சபைக்கு மக்கள் கிட்டினர். வணிகமும் சமயமும் ஒரே கப்பலில் வந்தன எனலாம்.

1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைநூல் ரோமன் எழுத்தில் அமைந்திருந்தது. தமிழைத் தமிழ் எழுத்திலேயே தருதல் வேண்டும் என முனைந்தவர், 1546இல் கோவா வந்த என்றிக்கே என்றீக்கசு அடிகளார். 1578 அக்டோபர் 20ஆம் நாள், 16 பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது. அச்சுப் பணிக்குப் பொருள் ஈந்தோர் பரதவரே. 'தம்பிரான்' என்னும் சொல்லோ, சைவ மரபில் இறைவனைக் குறித்து முன்பே வழங்கியது.

ஆகவே, பொறி கடல் கடந்து வந்தது. பொருளும் சொல்லும் இம்மண்ணினுடையவை. ஆயின் எதனை அச்சிடுவது என்னும் முடிவு மட்டும் இம்மண்ணினரிடம் இல்லை. சமயப் பணிக்கு வேண்டியன அச்சேறின. புலவர்தம் பாடல்கள் ஓலையிலேயே கிடந்தன. திருக்குறள் அச்சு வடிவம் கண்டது 1812இல். இடையில் கழிந்தவை 234 ஆண்டுகள்! அவ்விடைவெளியில் கரையானுக்கும் நீருக்கும் இரையான ஏடுகளை யார் எண்ணியுரைப்பார்?

அச்சுப்பொறி வந்த நாளை மட்டும் போற்றுதல் போதாது. அது எவர் கையில் இருந்தது என்பதையும் கேட்டல் வேண்டும். நம் பாடல்களை நாமே தேர்ந்து அச்சேற்றும் இவ்வுரிமை, காலம் தாழ்த்தி வாய்த்த பேறு.